இறுகிப் போன பிரைமர்: எறிவதா, எடுப்பதா?

பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதுதான் நம்மில் பலருக்கு வீட்டின் குறைகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும், யன்னல் கிரில்லில் கறள் பிடித்திருக்கிறது, கேட்டின் அடிப்பகுதி செதில் செதிலாக உதிர்கிறது. கடற்கரையை அண்டி வாழும் நமக்கு இந்தக் கறள் தொல்லை சற்று அதிகம்தான். காத்தான்குடி, கல்முனை, பேருவளை, காலி, புத்தளம் என்று எந்தக் கரையோர ஊரை எடுத்தாலும் உப்புக் காற்று இரும்பை விட்டு வைப்பதில்லை.

அப்போதுதான் ஸ்டோர் அறையின் மூலையில், வீடு கட்டிய காலத்தில் மிஞ்சிய பிரைமர் டின் ஞாபகத்துக்கு வருகிறது. ஆவலோடு மூடியைத் திறந்தால் உள்ளே ஆடை கட்டிக் கிடக்கிறது, அல்லது அடியில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. எறியவும் மனம் வராது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு லீற்றர் பெயின்ட் வாங்குவதென்றாலும் இருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உடனே கலக்கத் தொடங்கி விடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சில வருடங்களுக்கு முன் நோன்பின் கடைசிப் பத்தில், பழைய ரெட் ஒக்சைட் பிரைமருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி முன் யன்னல் கிரில்லுக்குப் பூசினோம். பெருநாள் காலையிலும் அது காயவில்லை. யன்னலில் ஏறி நின்று வீதியை வேடிக்கை பார்த்த பிள்ளையின் புத்தாடையில் செங்கல் நிறக் கோடுகள் விழுந்தன. பெருநாளும் கெட்டது, பிரைமரும் போனது. பின்னர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவதற்கு இரட்டிப்புச் செலவானது.

சுரண்ட வந்தவர் ஊரில் நெடுங்காலமாகப் பெயின்ட் வேலை செய்யும் ஒரு நானா. அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் மனதில் நிற்கிறது.

"தங்கச்சி, பெயின்ட் தடிச்சிப் போறது வேற, பெயின்ட் செத்துப் போறது வேற. தடிச்சத எழுப்பலாம். செத்தத எழுப்ப ஏலாது."

"அத எப்படி நானா கண்டுபிடிக்கிற?"

"குச்சியப் போட்டுப் பாருங்க. அதுவே சொல்லும்."

அந்த நானா சொன்னதிலும், பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்ததிலும் நம் சகோதரிகளுக்குப் பயன்படக் கூடியவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரைமர் எதற்கு?

இரும்புக்கு நேரடியாக நிறப் பெயின்டைப் பூசினால் அது நன்றாகப் பிடிக்காது. கொஞ்ச நாளில் கழன்று விடும். இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு, தனக்கு மேல் பூசப்படும் இனாமல் பெயின்டுக்கும் பிடிமானம் கொடுப்பதுதான் பிரைமரின் வேலை. நம் நாட்டு வீடுகளில் அதிகம் பாவிக்கப்படுவது செங்கல் நிறமான ரெட் ஒக்சைட் பிரைமர். இதன் நிறம் இரும்பு ஒக்சைட்டினால் வருவது. கறளும் இரும்பு ஒக்சைட்டின் ஒரு வகைதான் என்பது வேடிக்கையான விடயம். நாம் தடுக்க நினைக்கும் பொருளின் உறவினரையே காவலுக்கு நிறுத்துகிறோம்!

எந்த டின் பிரைமரை எடுத்தாலும் அதில் முக்கியமாக மூன்று பொருட்கள் இருக்கும். ஒன்று நிறம் தரும் தூள். இரண்டாவது அந்தத் தூளைப் பிணைத்து இரும்போடு ஒட்டவைக்கும் பிசின். மூன்றாவது, பூசுவதற்கு இலகுவாக அதை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான். தின்னர், டர்பன்டைன் என்று கடையில் கேட்டு வாங்குவதெல்லாம் இந்த மூன்றாவது பொருளைத்தான்.

தடிப்பதும் சாவதும்

நாம் சாதாரணமாக வாங்கும் எண்ணெய்ப் பிரைமரின் பிசினுக்கு ஆல்கைட் என்று பெயர். சோயா, ஆளிவிதை போன்ற உலரும் எண்ணெய்களைச் சேர்த்து அது தயாரிக்கப்படுகிறது. இத்தகைய பிரைமர் இரண்டு கட்டங்களாகக் காய்கிறது.

முதலில் கரைப்பான் ஆவியாகிப் போகிறது. இது வெறும் காற்றோடு கலக்கும் விடயம்தான். போனதைத் திருப்பிக் கொடுத்தால் பெயின்ட் பழைய நிலைக்கு வரும். அடுத்து, பிசின் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தனக்குள்ளேயே வலை பின்னிக்கொள்கிறது. இது இரசாயன மாற்றம். ஒருமுறை பின்னிய வலையை எந்தத் தின்னராலும் அவிழ்க்க முடியாது.

நம் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சீனிப்பாகு இறுகிவிட்டால் சிறிது தண்ணீர் விட்டு இளக்கி விடலாம். ஆனால் அவித்த முட்டையை எவ்வளவு தண்ணீரில் போட்டாலும் அது மீண்டும் பச்சை முட்டையாவதில்லை. கரைப்பான் மட்டும் போன பிரைமர் சீனிப்பாகு. வலை பின்னிக்கொண்ட பிரைமர் அவித்த முட்டை. தின்னரால் திருப்பிக் கொடுக்க முடிந்தது ஆவியாகிப் போனதை மட்டுமே. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு.

குச்சி சொல்லும் செய்தி

டின்னைத் திறந்ததும் எதையும் ஊற்றாமல், ஒரு தட்டையான குச்சியை உள்ளே விட்டுப் பாருங்கள்.

மேலே தோல் போல ஆடை கட்டியிருந்து, அதன் கீழே இளக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். காற்றுப் பட்ட மேற்பகுதி மட்டுமே காய்ந்திருக்கிறது.

முழுவதும் தேனைப் போல ஒரே சீராகத் தடித்திருந்து, குச்சியைத் தூக்கும்போது நூலாக வடிந்தால், கரைப்பான் குறைந்திருக்கிறது என்று பொருள். இதையும் மீட்கலாம்.

மேலே எண்ணெய் போன்ற நீர்மமும் அடியில் கட்டியான சேறும் இருந்தால், பாரமான தூள் அடியில் படிந்து விட்டது. உழைப்புத் தேவை. ஆனால் பெரும்பாலும் மீட்கலாம்.

ஆட்டு ஈரலைப் போல வழுவழுப்பாக, வெட்டினால் துண்டாக வந்தால், பிசின் வலை பின்னி விட்டது. தின்னர் ஊற்றினால் துண்டுகள் தின்னருக்குள் மிதக்குமே தவிர கரையாது. இதை விட்டுவிடுங்கள்.

இறப்பர் போலவோ கல் போலவோ முழுவதும் இறுகியிருந்தால் அதைப்பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

எந்தப் பிரைமருக்கு எந்தத் தின்னர்?

நம்மில் பலர் தவறு விடும் இடம் இதுதான். தின்னர் என்பது ஒரே பொருளின் பெயரல்ல. டின்னின் வெளியில் அச்சிட்டிருப்பதை முதலில் வாசியுங்கள். எதனால் இளக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

ரெட் ஒக்சைட், சிங்க் பொஸ்பேட் போன்ற சாதாரண எண்ணெய்ப் பிரைமர்களுக்கு ஏற்றது மினரல் டர்பன்டைன். ஹாட்வெயார் கடைகளில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் இதையே தருவார்கள்.

வாகனங்களுக்கு அடிக்கும் என்.சி. பிரைமர் வேறு வகை. முச்சக்கரவண்டி வைத்திருப்பவர்களின் வீட்டில் இதன் மிச்சம் இருக்கக் கூடும். இதற்கு என்.சி. தின்னர்தான் வேண்டும். இதற்குள் டர்பன்டைனை ஊற்றினால் பால் திரைந்தது போலத் திரைந்து விடும். ஆனால் இந்த வகையில் ஒரு வசதி உண்டு. இது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வதால், நன்றாகத் தடித்திருந்தாலும் உரிய தின்னரில் பெரும்பாலும் மீண்டும் கரையும்.

எபொக்சி பிரைமர் இரண்டு டின்களாக வரும். இரண்டையும் கலந்த பின் மிச்சம் வைக்க வழியில்லை. சில மணி நேரத்தில் அது தானாகவே இறுகி விடும். அதை எந்தத் தின்னராலும் மீட்க முடியாது.

தண்ணீரில் கலக்கும் பிரைமர்களுக்குத் தண்ணீரே போதும். ஆனால் அது காய்ந்து கட்டியாகியிருந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ பாவிக்காதீர்கள்.

மண்ணெண்ணெய் ஏன் கூடாது என்று கேட்கலாம். டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் பெற்றோலியத்திலிருந்தே வருபவை. ஆனால் மினரல் டர்பன்டைன் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸுக்குள் முழுவதும் ஆவியாகும் தன்மையுள்ளது. மண்ணெண்ணெயிலோ அதற்கு மேலும் பல பாகை சூடு வேண்டிய பாரமான பகுதிகள் இருக்கின்றன. அவை பூச்சுக்குள் எண்ணெய்ப் பசையாகத் தங்கி விடுகின்றன. எங்கள் வீட்டுக் கிரில் பெருநாள் வரையும் காயாததற்குக் காரணம் இதுவே. மேலே பூசும் இனாமலும் அந்தப் பசையின் மேல் பிடிக்காது.

பெற்றோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் ஆவி நம் நாட்டு வெயிலில் ஒரு சிறு பொறிக்கே தீப்பற்றும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

எண்ணெய்ப் பிரைமருக்கு என்.சி. தின்னரை ஊற்றினால் வேகமாக இளகுவது உண்மைதான். ஆனால் அதைப் பழைய இனாமலுக்கு மேல் பூசும்போது அடிப்பூச்சு சுருங்கிக் கொப்பளித்து எழும்பக் கூடும். எனவே அவசரத்துக்காக மாற்றிப் பாவிக்காதீர்கள்.

எது பொருத்தம் என்பதில் சந்தேகம் இருந்தால், ஒரு கரண்டி பிரைமரைப் பழைய போத்தல் மூடியொன்றில் எடுத்துச் சில துளி தின்னர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். சீராகக் கலந்தால் பொருத்தம். திரைந்தாலோ, மணல் மணலாகப் பிரிந்தாலோ பொருத்தமில்லை. முழு டின்னையும் கெடுப்பதைவிட ஒரு கரண்டியைக் கெடுப்பது மேல்.

மீட்கும் முறை

வீட்டுக்கு வெளியே, நிழலான, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்யுங்கள். அடுப்பு, சிகரெட், மின்பொறி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

1. மூடியைச் சுற்றியுள்ள கறளையும் தூசியையும் துடைத்துவிட்டுத் திறவுங்கள். இல்லாவிட்டால் கறள் துகள்கள் உள்ளே விழும்.

2. மேலே ஆடை இருந்தால் அதைக் குத்திக் கலக்கி விடாதீர்கள். ஓரத்தைச் சுற்றிக் கத்தியால் வெட்டி, முடிந்தவரை ஒரே துண்டாக வெளியே எடுங்கள். ஆடை கரையாது. உள்ளே கலந்தால் கட்டிகளாகத்தான் நிற்கும்.

3. அடியில் தூள் படிந்திருந்தால், மேலே நிற்கும் நீர்மத்தை வேறொரு சுத்தமான தகர டின்னில் வடித்து எடுங்கள். அந்த நீர்மம்தான் பிசின். கொட்டி விடாதீர்கள். பின்னர் அடியிலுள்ள சேற்றைத் தட்டையான பலகைக் குச்சியால் அழுத்தி மசியுங்கள். நன்றாக மசிந்ததும் வடித்த நீர்மத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். மாவுக்குத் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைப்பது போலத்தான். பொறுமை வேண்டும்.

4. இதற்குப் பிறகும் தடிப்பாக இருந்தால் மட்டும் தின்னரைச் சேருங்கள். அரை லீற்றர் பிரைமர் இருந்தால் முதலில் 25 மில்லிலீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி போதும். கலக்கிப் பார்த்து, தேவையென்றால் இன்னும் அவ்வளவு சேர்க்கலாம். மொத்தத்தில் பிரைமரின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கப் பாவித்த கரண்டி மீண்டும் சமையலறைக்கு வரக் கூடாது.

5. உடனே இளகவில்லை என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி ஓர் இரவு வைத்து விடுங்கள். காலையில் மீண்டும் கலக்கும்போது வித்தியாசம் தெரியும்.

6. பழைய நைலோன் காலுறை, நுளம்பு வலைத்துண்டு, மெல்லிய வோயில் துணி இவற்றில் ஏதாவதொன்றால் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் பூசினால் கிரில் முழுவதும் பருக்கள் எழும்பியது போல இருக்கும்.

டின்னை அடுப்பில் வைத்துச் சூடாக்கி இளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். சூடாகும்போது தின்னர் ஆவி வேகமாக எழும்பும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்திலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். உறங்கச் செல்லுமுன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடும்படி நமக்குக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. நெருப்போடு விளையாடுவது நமக்கு அழகல்ல.

பூசுமுன் ஒரு பரீட்சை

மீட்ட பிரைமர் பார்வைக்கு நன்றாக இருப்பதால் மட்டும் அது நல்லதாகி விடாது. பழைய பெயின்டில் உலர்வதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் நாட்பட வலுவிழந்திருக்கலாம்.

ஆகவே சுத்தம் செய்த ஓர் இரும்புத் துண்டில் மெல்லிதாகப் பூசி, ஒருநாள் முழுவதும் விடுங்கள். மறுநாள் விரலில் ஒட்டினால் அந்தப் பிரைமரைப் பாவிக்க வேண்டாம். ஒட்டாவிட்டால், சவர அலகினால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, அதன் மேல் நன்கு ஒட்டும் டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். சதுரம் சதுரமாகப் பெயின்ட் கழன்று வந்தால் பிடிமானம் இல்லை. கோடுகள் மட்டும் தெரிந்து பூச்சு அப்படியே நின்றால் நம்பிப் பூசலாம்.

பூசுமுன் இரும்பைத் தயார்படுத்துவது பிரைமரை மீட்பதைவிட முக்கியம். கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் உதிரும் கறளை எல்லாம் நீக்க வேண்டும். கரையோர வீடுகளில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கி, நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். உப்பு உள்ளே இருந்தால் பூச்சுக்குக் கீழேயே கறள் வளரும். பிரைமர் மட்டும் மழையையும் வெயிலையும் தாங்காது என்பதால் அதற்கு மேல் இனாமல் பூச மறக்கக் கூடாது.

மீட்கவே கூடாத டின்கள்

சகோதரிகளே, இக்கட்டுரையில் நீங்கள் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ஒரு காலத்தில் இரும்புப் பிரைமர்களில் சிவப்பீயம் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. செம்மஞ்சள் கலந்த பளிச்சென்ற சிவப்பு நிறம் அதன் அடையாளம். கறளைத் தடுப்பதில் அது கெட்டிதான். ஆனால் ஈயம் நஞ்சு. குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. கற்கும் ஆற்றல் குறைகிறது, கவனம் சிதறுகிறது. கர்ப்பிணித் தாயின் உடம்பிலிருந்து வயிற்றுச் சிசுவுக்கும் அது செல்கிறது. இவ்வளவு வரை ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இலங்கையில் பெயின்டில் இருக்கக் கூடிய ஈயத்துக்குச் சட்டப்படியான எல்லை 2013ஆம் ஆண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முந்திய காலத்து டின் என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். வாப்பா காலத்தில் வாங்கியது, பெயர் அழிந்தது, பளிச்சென்ற செம்மஞ்சள் சிவப்பானது என்றால் திறக்கவே வேண்டாம். மஞ்சள் நிறமான சிங்க் குரோமேட் பிரைமரும் அப்படித்தான். அதிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது.

டின்னில் மட்டுமல்ல, பழைய வீடுகளின் கேட்டிலும் கிரில்லிலும் உள் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்ந்தபடி சுரண்டினால் தூசி வீடெங்கும் பரவும். தவழும் பிள்ளை அந்தத் தூசி பட்ட கையை வாயில் வைக்கும். ஆகவே பழைய பூச்சை நனைத்து, ஈரத்தோடு தேய்க்க வேண்டும். நெருப்பால் சுட்டு உரிக்கக் கூடாது. உதிர்ந்ததைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவக் கூடாது. கர்ப்பிணிப் பெண்களும் சிறு பிள்ளைகளும் வேலை முடியும் வரை அயல் வீட்டிலோ உம்மா வீட்டிலோ இருப்பது நல்லது.

சோடாப் போத்தலில் தின்னர்

நம் வீடுகளில் இன்றும் மாறாத ஒரு பழக்கம், வாங்கி வந்த தின்னரையும் மண்ணெண்ணெயையும் வெற்றுச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது. டர்பன்டைன் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். விளையாடி விட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வாய் குடித்த பின்தான் தெரியும்.

அப்படி நடந்துவிட்டால், அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், நாம் வழக்கமாகச் செய்யும் காரியங்களே பிள்ளைக்கு எமனாகி விடுகின்றன. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாந்தி வரும்போது தின்னர் சுவாசப்பைக்குள் போனால் அதுதான் பேராபத்து. வாயைத் துடைத்து, நனைந்த உடுப்பைக் கழற்றி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகன வசதி இல்லையென்றால் 1990 இலக்க அம்பியூலன்ஸ் சேவையை இலவசமாகவே அழைக்கலாம். குடித்த போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். என்ன குடித்தது என்று தெரிந்தால் வைத்தியருக்கு வேலை இலகு.

தின்னரை அது வந்த கொள்கலனிலேயே, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டாலும் இக்கட்டுரை எழுதப்பட்ட பயன் கிடைத்துவிடும்.

கையும் துணியும்

கையுறை அணிந்துகொண்டு வேலை செய்வது நல்லது. இதில் இரண்டு நன்மை உண்டு. தின்னர் தோலை வரட்டி வெடிக்க வைப்பதிலிருந்து தப்பலாம். மற்றையது நம் அமல் சம்பந்தப்பட்டது. நகத்திலும் தோலிலும் பெயின்ட் படலமாகக் காய்ந்துவிட்டால் வுழூச் செய்யும்போது தண்ணீர் தோலைச் சென்றடையாது. அஸருக்கு பாங்கு சொன்ன பின் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட முன்பே கையுறை அணிவது மேலல்லவா? தவறிப் பட்டுவிட்டால் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்துத் துடைத்துவிட்டு, சவர்க்காரத்தால் கழுவுங்கள். தின்னராலோ பெற்றோலாலோ கை கழுவ வேண்டாம். தலைவலியோ தலைச்சுற்றோ வந்தால் அது உடம்பு தரும் எச்சரிக்கை. உடனே நிறுத்திவிட்டு நல்ல காற்றுக்குச் செல்லுங்கள்.

பெயின்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே தானாகத் தீப்பற்றக் கூடும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டின்னில் போடுங்கள்.

மீட்க முடியாத பெயின்டைக் கானிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. காத்தான்குடி, கல்முனை, கற்பிட்டி போன்ற மணற்பாங்கான ஊர்களில் மேலே ஊற்றுவது இலகுவில் கிணற்று நீரைச் சென்றடையும். நம் வீட்டுக் கிணறு மட்டுமல்ல, அயலவரின் கிணறும் கெடும். மணலோ மரத்தூளோ கலந்து, பிள்ளைகள் எட்டாத திறந்த இடத்தில் முழுவதும் காயவிட்டு, உள்ளூராட்சி சபையின் குப்பை வண்டிக்காரரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். ஈய டின்களைத் திறக்காமலே கொடுங்கள். எரிக்க வேண்டாம்.

மிச்சத்தை இறுகாமல் காப்பது

இறுகிய பின் மீட்பதைவிட இறுகாமல் காப்பது இலகு. வேலை முடிந்ததும் டின்னின் விளிம்பைத் துடைத்து, மூடியின் மேல் ஒரு பலகையை வைத்துத் தட்டி இறுக்குங்கள். டின்னில் பாதிக்கும் குறைவாக மிஞ்சினால் சிறிய டின்னொன்றுக்கு மாற்றி, அதிலும் பெயரும் வகையும் எழுதுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஆடை கட்டுவதும் குறையும். எண்ணெய்ப் பிரைமர் என்றால், மூடுமுன் மேற்பரப்பில் ஒரு கரண்டி டர்பன்டைனைக் கலக்காமல் மெதுவாக ஊற்றி வைக்கலாம். அல்லது டின்னின் வட்டத்துக்குப் பொலித்தீன் வெட்டிப் பெயின்டின் மேலேயே படியவிடலாம். வாங்கிய திகதியை டின்னில் எழுதி வைப்பது, அடுத்த பெருநாளுக்கு அதைத் திறக்கப் போகும் உங்களுக்கே நீங்கள் செய்யும் உதவி.

வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். அரை டின் பிரைமரானாலும் அது உழைத்த காசு. மீட்க முடிந்ததை மீட்பது நம் பொறுப்பு. ஆனால் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதே மார்க்கம் கற்றுத் தந்ததுதான். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையின் மூளைக்கும் சுவாசப்பைக்கும் கேடு தேடுவது சிக்கனமாகாது. எதை எடுப்பது, எதை எறிவது என்று அறிந்து செய்வதுதான் சிக்கனம்.

இந்தப் பெருநாளுக்கு ஸ்டோர் அறையைத் திறக்கும்போது முதலில் டின்னின் பெயரை வாசியுங்கள், பிறகு குச்சியைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னதாக, அங்கே சோடாப் போத்தலில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நம் எல்லோரினதும் வீடுகளையும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.